இரண்டாம் தட்டு, ஆறாவது இடம்

2008 பொங்கல் கழிந்த வாரத்தில் என் வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு வந்தது. அதை வைத்து நான் செய்த முதல் வேலை என் புத்தகங்களைப் பட்டியலிட்டது. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் எழுத்தர் வேலை. தனியாள். எதையும் தேதி போட்டுக் குறித்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. மழை பெய்த நாள், எதிர் வீட்டு வேம்பு பூத்த நாள், சாத்தூர் பாசஞ்சர் தாமதமாக வந்த நாள் என்று பதினெட்டு டைரிகள் என்னிடம் இருந்தன. அப்படிப்பட்டவனுக்கு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் தன் புத்தக அலமாரியைப் பதிந்து வைக்கலாம் என்று ஒரு இணையதளம் கிடைத்தால் விடுவானா?

புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள எண்ணைத் தட்டினால் தலைப்பு, ஆசிரியர், அட்டைப்படம் எல்லாம் தானாக வந்து நிற்கும். பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு அந்த எண் கிடையாது. ஒவ்வொன்றையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். மண்டியிலிருந்து மத்தியானம் சாப்பிட வரும்போது பத்து, சாயங்காலம் இருபது என்று ஏற்றினேன். மார்ச் தொடங்குவதற்குள் ஆயிரத்து நூறு புத்தகங்கள் முடிந்தன. அவற்றில் முன்னூற்றுப் பன்னிரண்டு மட்டும் தனி அலமாரியில் இருந்தன. அவை என்னிடம் வந்த விதம் வேறு.

2002 ஆடி மாதம் மண்டிக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்கச் சிவகாசி போயிருந்தேன். அச்சகக்காரர் வர நேரமாகும் என்றதால் பக்கத்தில் இருந்த பேப்பர் குடோனில் நின்றுகொண்டிருந்தேன். பழைய பள்ளிக்கூட நோட்டுகளும், அச்சில் நிறம் பிசகி ஒதுக்கிய பட்டாசு லேபிள் தாள்களும் மலையாகக் கிடக்கும் இடம். அங்கிருந்து அவை வெடிக்குக் குழாய் சுருட்டப் போகும். லேபிள் கட்டு ஒன்றைத் தூக்கிய ஆள் பக்கத்திலிருந்தவனிடம், "ஏலே, இந்தக் கட்டு என்னலே இம்புட்டுக் கனம்" என்று சொல்லிக் கீழே போட்டான். சணல் அறுந்தது. உள்ளே இருந்தவை லேபிள்கள் இல்லை, லேபிள் தாளில் அட்டை போட்ட புத்தகங்கள்.

சிவகாசியில் புத்தகத்துக்கு அட்டை போட யாரும் காக்கித் தாள் வாங்குவதில்லை. ஒதுக்கிய லேபிள் தாள் எல்லா வீட்டிலும் கிடக்கும், அதையே போடுவார்கள். அதனால் அடுக்கிக் கட்டி வைத்தால் எது புத்தகம், எது வெறும் தாள் என்று வெளியே தெரியாது. குடோன்காரர் வந்து பார்த்தார். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் வீட்டுச் சரக்கு என்றார். "விபத்துல ஆளு போயிட்டாராம் அண்ணாச்சி. இனி இதை யாரு படிக்க?" என்று சொல்லி, தாளுக்கு என்ன எடையோ அதையே புத்தகத்துக்கும் போட்டுக் கொடுத்தார். ஒரு லோடு வேனில் பருப்புச் சாக்குகளோடு அவை விருதுநகர் வந்தன.

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் தாளிலும் பென்சிலில் இரண்டு எண்கள் இருந்தன. 1-1, 1-2, 4-20 என்று. முதல் எண் தட்டு, இரண்டாவது இடம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அந்த வரிசையிலேயே அடுக்கினேன். 5-14 மட்டும் இல்லை. கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த தேதி பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதப்பட்டிருந்தது. அந்தத் தேதியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என் டைரியை எடுத்துப் பார்ப்பேன். முகம் தெரியாத அந்த மனிதர் இறந்துவிட்டார் என்பதால் அதில் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. லேபிள் அட்டைகளைக் கழற்றிவிட்டுக் காக்கி அட்டை போட்டேன். என் முத்திரையைக் குத்தினேன். கழற்றிய அட்டைகளை வீச மனம் வரவில்லை, எண் போட்டு ஒரு டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்தேன். ஆறு வருஷத்தில் அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒன்று விடாமல் படித்தேன். சிலவற்றை மூன்று முறை.

அந்த இணையதளத்தில் ஒரு பகுதி உண்டு. உங்கள் அலமாரியோடு யாருடைய அலமாரி அதிகம் ஒத்துப்போகிறது என்று அது காட்டும். எனக்கு எங்கெங்கோ இருப்பவர்களைக் காட்டிக்கொண்டிருந்தது. ஐந்து புத்தகம், ஏழு புத்தகம் பொது. மார்ச் இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் புதிதாக ஒருவர் அந்தப் பட்டியலின் உச்சியில் நின்றார். பெயர் இல்லை, படம் இல்லை. ஊர் மட்டும் சிவகாசி என்றிருந்தது. அவரிடம் மொத்தம் பதினோரு புத்தகங்கள். பதினொன்றும் என்னிடம் இருந்தவை.

முதலில் சந்தோஷம்தான். பக்கத்து ஊரில் நம்மைப் போல் ஒருவர். பிறகு குறிப்புப் பகுதியைத் திறந்தேன். "1-1. சிவப்புக் குடை." "1-2. யானை மேல் குழந்தை." "1-3. ரோஜாவோடு சிரிக்கும் பெண்." நான் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 1-2 என்று நான் எண் போட்டு வைத்திருந்த லேபிள் அட்டையில் யானை மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. நீலம் கோட்டை விட்டு நகர்ந்து அச்சாகியிருந்ததால் அதற்கு இரண்டு முகம் இருந்தது போலத் தெரிந்தது.

மறுநாள் பதினாறு. அதற்கு மறுநாள் இருபத்திரண்டு. நான் நேரம் குறித்தேன். ஒன்று முதல் இரண்டு மணிக்குள்தான் புத்தகங்கள் ஏறின. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் ஏறவில்லை. ஒவ்வொன்றும் என் அலமாரியில் அதற்கு முந்தையதற்கு அடுத்து நின்ற புத்தகம். கணினி இருந்த மேஜை அலமாரிக்கு முதுகு காட்டி இருந்தது. திரையில் ஒரு தலைப்பு வரும், நான் திரும்பிப் பார்ப்பேன், அது அங்கே இருக்கும். யாரோ எனக்குப் பின்னால் நின்று விரல் வைத்து வாசித்துக்கொண்டே போவது போல இருந்தது. நான்காம் நாள் மேஜையைச் சுவரோரமாக நகர்த்தி, அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

என் பட்டியலைப் பார்த்து யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்க முயன்றேன். ஆனால் இணையத்தில் நான் கொடுத்திருந்தது என் சொந்த வரிசை எண்கள். பென்சில் எண்களையும் லேபிள் படங்களையும் நான் எங்கும் எழுதியதில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் பட்டியல் ஐந்தாம் தட்டுக்கு வந்தது. அன்று மண்டிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். 5-12 வந்தது. 5-13 வந்தது. ஒன்றே முக்காலுக்கு 5-14 வந்தது. நான் பார்த்தே இராத ஒரு புத்தகத்தின் பெயர். குறிப்பில், "இடம் காலி" என்று மட்டும் இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பட்டியலை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தேன். ஆவி பற்றிய பயம் இரண்டாவதுதான். அந்தப் புத்தகங்களுக்கு உரிமையுள்ள யாரோ ஒருவர் வந்துவிட்டார், அவை என் கையை விட்டுப் போய்விடும் என்பதே முதல் பயம். ஆறு வருஷமாக அவை என்னுடையவை. என் முத்திரை அவற்றில் இருந்தது.

மறுநாள் ஒன்று பத்துக்கு அந்தப் பெயரில்லாத பக்கத்தின் தலையில் புதிதாக ஒரு வரி இருந்தது.

"நேற்றுவரை இங்கே இருந்தீர்கள். புத்தகங்கள் பத்திரமா?"

அதற்கும் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. பத்திரம், நீங்கள் யார் என்று எழுதினேன். ஒரு தொலைபேசி எண்ணும், மத்தியானம் ஒரு மணிக்கு மேல் என்ற குறிப்பும் வந்தன. எடுத்தது ஒரு பெண் குரல். அச்சகத்தின் இயந்திரச் சத்தத்துக்கு மேலே, இங்கன வச்சுப் பேச முடியாது, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

ஃபோர்மேனின் மனைவி அவர். ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி வேலை. ஐம்பது வயதிருக்கும். பூட்டிக் கிடந்த அச்சகத்தின் வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னார். 2002 வைகாசியில் நாரணாபுரம் பக்கத்துக் கம்பெனியில் மருந்துக் கலவை அறை வெடித்தபோது அவர் கணவர் அடுத்த அறையில் இருந்தார். உயிர் தப்பியது, கண்கள் போயின. மதுரையில் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். விபத்துக்கு முந்தின வாரம்தான் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று புத்தகங்களைத் தட்டு வாரியாகக் கட்டி முன்னறையில் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே குழாய் சுருட்டக் குடோன்காரர் கொடுத்து வைத்திருந்த லேபிள் கட்டுகள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது குடோன் வேன் லேபிள் கட்டுகளைத் திருப்பி எடுக்க வந்தது. சாவி வைத்திருந்த கொழுந்தனார் எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கண்டு மொத்தத்தையும் ஏற்றிவிட்டார்.

நான் வாங்கி மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் குடோனுக்குப் போயிருக்கிறார். யாரோ வெளியூர்க்காரர் வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கணவர் தினமும் கேட்டது ஒன்றுதானாம், வெள்ளையடிச்சதும் புஸ்தகத்தைப் பழையபடி அடுக்குனியா என்று. அடுக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதற்குள், வேறொரு கடையில் பழைய பள்ளி நோட்டுகளை வாங்கி, புத்தகத்தின் கனத்துக்கு இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தைத்து, லேபிள் அட்டை போட்டு, ஆறு தட்டையும் நிரப்பினார்.

"அதுல கை வைக்காத நாளு அவுகளுக்குக் கிடையாது. இம்புட்டு வருசமும் நான் சொன்னது பொய்னு தெரிஞ்சா, கண்ணு போனதை விட அது பெரிசாயிரும் அண்ணாச்சி" என்றார்.

இப்போது கணவருக்கு ஞாபகம் மங்கிவிடுமோ என்ற பயம் வந்து, புத்தகங்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னாராம். சாயங்காலம் ஒவ்வொரு முதுகாகத் தடவி அவர் பெயர் சொல்வார். இவர் எழுதிக்கொள்வார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அச்சகக் கணினியில் ஏற்றுவார். ஒரு தாளில் வைத்திருந்தால் போதாதா என்று கேட்டேன். யார் கையில் இருந்தாலும் அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இணையத்தில் போட்டதாகச் சொன்னார். எரிந்து போகாமல் இருக்கின்றனவா என்று தெரிந்தால் போதுமாம்.

நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்படிச் சொன்னபோது அதில் பாதி மனசுதான் இருந்தது. அவர் வேண்டாம் என்று தலையாட்டியபோது எனக்குள் ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. கணவர் அந்த அறையை விட்டு எங்கும் போவதில்லை, வேன் வந்து நின்றாலே கேட்டுவிடுவார் என்றார். ஒரு தடவை வந்து அவரோடு புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனால் போதும். புத்தகம் என்னிடம் இருப்பதை மட்டும் சொல்லக் கூடாது.

அவர்கள் வீடு மாடியில் இரண்டு அறை. உள்ளே நுழைந்ததும் அலமாரியைத்தான் பார்த்தேன். கதவில்லாத இரும்பு அலமாரி. சிவப்புக் குடை, யானை மேல் குழந்தை, ரோஜாவோடு சிரிக்கும் பெண். கிடைத்தவரை அதே லேபிள்களைத் தேடிப் போட்டிருந்தார். என் வீட்டில் நான் உரித்துவிட்ட அலமாரி இங்கே உரிக்காமல் நின்றது. ஐந்தாம் தட்டில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. விபத்தன்று அந்தப் புத்தகம் அவர் சாப்பாட்டுப் பையில் இருந்ததாம்.

ஃபோர்மேன் கறுப்புக் கண்ணாடியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நாற்காலியில் இருந்தார். அச்சகத்துக்கு வருகிற காலண்டர் பார்ட்டி, நிறையப் படிக்கிறவர் என்று மனைவி என்னை அறிமுகம் செய்தார். எத்தனை புத்தகம் வைத்திருக்கிறேன் என்று ஃபோர்மேன் கேட்டார். ஒரு எண்ணூறு இருக்கும் என்றேன். முன்னூற்றுப் பன்னிரண்டைக் கழித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே எங்கோ தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. மனைவி அடுப்படியில் பாத்திரத்தோடு அப்படியே நின்றார். ஃபோர்மேன் தலையைச் சற்றுச் சாய்த்து, "வெடி டெஸ்டிங்குதான்" என்றார். பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது.

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். விரல்கள் இரண்டாம் தட்டில் ஐந்து முதுகுகளைத் தாண்டி ஆறாவதை எடுத்தன. "முதப் பக்கத்தை மட்டும் வாசிங்க அண்ணாச்சி. இவளுக்கு வீட்டு வேலை முடிச்சு வாசிக்க நேரமில்ல" என்று நீட்டினார்.

திறந்தேன். ஆறாம் வகுப்பு அறிவியல் நோட்டு. இலையின் பாகங்கள் பென்சிலில் வரையப்பட்டு, சிவப்பு மையில் டீச்சரின் 'சரி' போட்டிருந்தது. அடுப்படி வாசலில் மனைவி நின்றிருந்தார். கையில் காபி டம்ளர், நான் அவரைப் பார்க்கவில்லை.

2-6 கடற்கரையோரமாகவே நடந்து போன ஒருவர் எழுதிய பயணக் குறிப்பு. நான் மூன்று முறை படித்த புத்தகம். இலையின் நரம்புகளைப் பார்த்துக்கொண்டே, உப்பளத்தில் விடிகிற அந்த முதல் பக்கத்தை ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். வாசிப்பது போல இடையில் நிறுத்தினேன். இல்லாத பக்கத்தைத் திருப்பினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நடுவுல ஒரு வரி விட்டுட்டீகளே" என்றார் ஃபோர்மேன். பிறகு அந்த வரியை அவரே சொன்னார்.

கிளம்பும்போது அந்த நோட்டைத் திருப்பி வைக்கப் போனேன். அவர் வேண்டாம் என்றார். இரவலாக எடுத்துப்போய் முழுக்கப் படித்துவிட்டு, பதினைந்து நாளில் கொண்டுவரச் சொன்னார். பட்டியலில் குறித்துக்கொள்ளும்படி மனைவியிடமும் சொன்னார். மறுநாள் மத்தியானம் இணையத்தில் பார்த்தேன். 2-6 இரவல் கொடுக்கப்பட்டிருந்தது, பெயர் என்னுடையது, தேதி போட்டு. என் அலமாரியிலும் 2-6 இருந்தது. அதன் பக்கத்தில் ஆறாம் வகுப்பு அறிவியல் நோட்டு இருந்தது.

அந்தப் பதினைந்து நாளும் இரண்டையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தேன். எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. நோட்டைக் கொடுத்தால் புத்தகம் என்னிடமே இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. புத்தகத்தைக் கொடுத்தால் அது போனது போனதுதான். அது மட்டுமல்ல, அவர் ஏதாவது வித்தியாசத்தை உணர்ந்து கேட்டுவிட்டால் அந்த அம்மாள் ஆறு வருஷமாகத் தூக்கிச் சுமந்தது அந்த இடத்திலேயே உடையும். பதின்மூன்றாம் நாள் டிரங்குப் பெட்டியிலிருந்து 2-6 லேபிள் அட்டையை எடுத்தேன். காக்கி அட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டேன். பழைய மடிப்பில் அது தானாகவே போய் உட்கார்ந்தது. என் முத்திரை இருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். அதை ஒன்றும் செய்ய முடியாது. கண் இல்லாதவருக்கு முத்திரை தெரியாது என்று ஒரு எண்ணம் வந்தது. அது வந்ததற்காக எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். மனைவிக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் தடுத்திருப்பார். அவர் அடுப்படியில் இருந்தார். ஃபோர்மேன் கை நீட்டினார். நான் கொடுத்தேன்.

முதலில் கை கொஞ்சம் தாழ்ந்தது. நோட்டை விட அது கனம். கட்டை விரல் மேல் ஓரத்தில் ஓடியது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். என் வீட்டு நாஃப்தலின் வாசனை அதில் இருந்திருக்கும். பிறகு திறந்தார், முதல் பக்கத்தை அல்ல, கடைசிப் பக்கத்தை. ஆள்காட்டி விரலின் நகம் தாளின் கீழ்ப் பகுதியில் எதையோ தேடியது. பேனாவால் அழுத்தி எழுதிய தேதி இருந்த இடத்தில் நின்றது. ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நகம் இறங்கி ஏறியது. ஒரு தடவை, இன்னொரு தடவை.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டார்.

அவர் எழுந்து புத்தகத்தை இரண்டாம் தட்டில் அதன் இடத்தில் செருகினார். விரல்களை அதன் முதுகிலிருந்து எடுக்காமலே, அடுத்து நின்றதை உருவினார். என் பக்கமாகக் குனிந்து, அடுப்படிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"பாக்கி முன்னூத்திப் பதினொண்ணும் இப்படியே வந்துரட்டும். ஒண்ணு ஒண்ணா. அவ பாவம், பயந்துருவா."

நான் பதில் சொல்வதற்குள் மனைவி காபியோடு வாசலுக்கு வந்துவிட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபோர்மேன் நிமிர்ந்து, கையிலிருந்த நோட்டை எல்லோரும் பார்க்கிற மாதிரி எனக்கு நீட்டினார்.

"போன புஸ்தகத்தைச் சொன்ன நாளுக்குள்ள கொண்டாந்துட்டாரு. அடுத்ததைக் கொடுத்திருக்கேன். தேதி போட்டுக்கோ" என்று மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்.

அவர் காபியை மேஜையில் வைத்துவிட்டு, பேனா எடுத்து, எழுதிக்கொண்டார்.